மூன்று அடுப்படிகளும் ஒரு மடுவும்

அன்பு மகளுக்கு,

கோலகங்சாரிலிருந்து நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. துறைமுகத்திலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே படித்தேன். உன் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். புது வீடு பிடித்திருக்கிறது, மாப்பிள்ளை அன்பாக இருக்கிறார், கொல்லைக் கதவைத் திறந்தால் பேராக் ஆறு அகலமாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னாள். பிறகு உன் மாமியார் கேட்ட கேள்வி வந்தது. காலிப் பால் டின்னை நீ கொல்லையில் வைத்துக் குதிகாலால் மிதித்து நசுக்கியதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அந்த டின்னு மேல ஒனக்கு அவ்வளவு கோவமா?" என்று கேட்டாராம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஆற்றில் கொட்டாமல் வாழையடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாய், பொரித்த எண்ணெயைத் தகரத்தில் வடித்து வைக்கிறாய், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைக்கிறாய். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்குச் சொல்ல உன்னிடம் இருந்த ஒரே பதில், "எங்க வீட்ல அப்படித்தான் அத்தை." அந்தப் பதில் உனக்கே போதவில்லை. அதனால்தான் எங்களைக் கேட்டிருக்கிறாய்.

நான் அம்மாவிடம், "நீயே சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன். "அதுல எழுதுறதுக்கு என்னங்க இருக்கு? புள்ள நல்லா இருக்காளான்னு கேளுங்க, தலைக்கு எண்ணெய் வைக்கிறாளான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். தான் செய்ததைத் தானே பேசமாட்டாள். ஆகவே நான் பேசுகிறேன். இவ்வளவு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமை எனக்கு உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான் எழுதப்போகும் சம்பவம் நடந்தபோது நீயும் அங்கேதான் இருந்தாய். அம்மாவின் வயிற்றில் இருந்தாய்.

கல்யாணமான புதிதில் நாங்கள் தண்ணீர்மலைப் பக்கத்தில் குடியேறினோம். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு அந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்து, பெரிய பாறைக்குக் கீழே ஆழமான மடுவாகத் தேங்கி, பிறகு பட்டணத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகும். அந்த மடுவைச் சுற்றி மூன்று அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். ஒன்று நம்முடையது. பக்கத்தில் காதர் பாய். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தவர். விடியுமுன் சோறும் மீன்கறியும் ஆக்கி, காவடி போல் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்பார். எதிர்க்கரையில் ஒரு சீனத்து விதவை. எல்லோரும் அவரை ஆ சிம், அதாவது சின்னம்மா, என்று கூப்பிடுவோம். வாத்து வளர்த்து, முட்டையை உப்புப்போட்டுப் பாசாரில் விற்றுத் தன் மகன் ஆ செங்கை ஆளாக்கியவர். ஆ செங் தகரவேலை செய்வான். வாளி, புனல், விளக்குக் கூண்டு எல்லாம் அடிப்பான். முன்கோபி. ஆனால் தாய்க்கு அடங்கியவன்.

உன் அம்மாவுக்கு அந்த மடுதான் சீதனம் போல. பால்காரர் வீட்டுப் பெண், மாட்டுக்கொட்டகைக்கும் தெருவுக்கும் நடுவில் வளர்ந்தவள்; வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரை அதுவரை கண்டதில்லை. காலையில் நான் கிளம்பும்போது பாறைமேல் உட்கார்ந்து மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஓடிவந்து, "என்னங்க, பூனை நீந்துது! ஒண்ணு இல்ல, ஒரு கூட்டமே நீந்துது!" என்றாள். போய்ப் பார்த்தால் நீர்நாய்கள். மழமழவென்று ஈரம் சொட்டும் உடம்பு, தட்டையான தலை, கீச்சு கீச்சென்று ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு மடுவைக் கலக்கிக்கொண்டிருந்தன. பெரியது ஒன்று பாறையில் ஏறி, ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்து, நாம் கரும்பு கடிப்பது போல் கடித்துத் தின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று நான் வேலைக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. தைப்பூசம் முடிந்தும் மழை இல்லை. ஆறு மெலிந்து பாறைகளுக்கு நடுவே நூலாய் ஓடியது. மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அதன்மேல் எண்ணெய்ப் படலம் மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. கரையோரம் சோப்பு நுரை ஒதுங்கிக் கிடந்தது. மீன்கொத்தி வருவது நின்றுபோனது. பிறகு ஆ சிம்மின் வாத்துகள் குறையத் தொடங்கின. ஒருநாள் காலையில் இறகும் இரத்தமும் மட்டும் கரையில் கிடந்தன, ஈரமண்ணில் நீர்நாயின் கால்தடம். ஆ சிம் அந்த இறகுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு அவை பறவைகள் மட்டுமல்ல. புருஷன் போன பிறகு அவரைத் தாங்கியவை அவைதான்.

ஆ செங் அன்று மாலையே பட்டணத்திலிருந்து எலிப் பாஷாணம் வாங்கி வந்தான். அதை மீனுக்குள் வைத்துத் தைத்து, மடுவைச் சுற்றிப் போடுவதாகப் பேச்சு. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டு, கல் தாண்டி எதிர்க்கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே பேசினதெல்லாம் சந்தைப் பேச்சான பாசார் மலாயும் தமிழும் கலந்த பேச்சு. ஆ சிம்முக்கு நம்மவர்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் வரும்.

"ஆ சிம், அந்த மீனை நீர்நாய் மட்டுமா திங்கும்? ஒங்க வாத்தும் அங்கதானே மேயுது?" என்றாள் அம்மா.

"வாத்தை நான் அடைச்சு வெப்பேன்" என்றான் ஆ செங்.

"மீன்கொத்தியை அடைச்சு வெப்பீங்களா, தம்பி? மத்தியானம் குளிக்க வர்ற கம்பத்து ஊர்ப் புள்ளைங்களை?"

ஆ சிம்தான் பதில் சொன்னார், நிமிர்ந்து பார்க்காமலே: "தங்காச்சி, ஒனக்கு வாத்து இல்லே. நீ பேசலாம் லா."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் கோபப்படவில்லை. வழியில் என்னிடம், "அவங்க சொல்றது சரிதாங்க. இழந்தவங்க அவங்க. வெறும் வாயால நான் போய் நின்னா யாரு கேப்பா?" என்றாள். பாஷாணத்தை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வரையிலாவது போடாமல் வைத்திருக்கும்படி ஆ சிம்மிடம் கேட்டு ஒப்புதல் வாங்கியிருந்தாள்; அவ்வளவுதான் கையில் இருந்த அவகாசம்.

மறுநாள் காலையில் கொஞ்சம் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக மேலே நடந்தாள். நம் மூன்று வீடுகளும் கண்ணில் மறைகிற இடத்தில், ஆற்றுத் தண்ணீர் தேங்கிய ஒரு சின்னக் குழியில் ஒரு பிடி போட்டாள். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து மொய்த்தன. தண்ணீர் கொதிப்பது போல் இருந்தது. பிறகு இறங்கி வந்து மடுவில் ஒரு பிடி போட்டாள். சோறு வெள்ளையாக அடியில் போய்க் கிடந்தது. ஒன்றுகூட வரவில்லை. அம்மா நேரே போய் ஆ சிம்மையும் ஆ செங்கையும் காதர் பாயையும் கூட்டிவந்து, அவர்கள் முன்னாலும் அதையே செய்து காட்டினாள். மேலே மீன், கீழே இல்லை. நடுவில் இருப்பது நம் மூன்று அடுப்படிகள். "மீன் இருந்த வரைக்கும் அது ஒங்க வாத்துப் பக்கம் திரும்பலையே, ஆ சிம். இப்ப ஏன் திரும்புது? பசிக்குது. அதோட சோத்துல மண்ணைப் போட்டது நாமதான்" என்றாள். யாருடைய தவறு அதிகம் என்று அவள் பிரிக்கவில்லை. "நாம" என்றே சொன்னாள். அந்த ஒரு சொல்லை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆ செங்குக்கு அது போதவில்லை. "மீன் திரும்பி வர்ற வரைக்கும் எங்கம்மா வாத்தைப் பறிகொடுத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றான். நியாயமான கேள்விதான். அம்மா எதிர்க்கரையிலிருந்த வாத்துக்கூட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பொழுது சாயுறதுக்குள்ள வாத்தைக் கூட்டுல அடைங்க. மழை வர்ற வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள இன்னொரு வாத்து போச்சுன்னா, என் ஆட்டை நீங்க அவுத்துட்டுப் போங்க." அது அவளுடைய அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளாடு. பிரசவத்துக்குப் பிறகு உனக்கும் அவளுக்கும் பால் வேண்டுமே என்று அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆடு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆ சிம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆ சிம் மெல்லத் தலையசைத்தார்.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. முதலில் நம் வீட்டில்தான். துவைக்கிற கல்லை ஆற்றங்கரையிலிருந்து கொல்லைக்கு உருட்டிவரச் செய்தாள்; என் முதுகு பிடித்துக்கொண்டது வேறு கதை. சோப்புத் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போக ஒரு வாய்க்கால் வெட்டினோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் தேங்காய் நாரைப் பந்தாக அடைத்து வைத்தாள். பருக்கை, கறிவேப்பிலை, மீன் செதிள் எல்லாம் அதில் தங்கும், வெறும் தண்ணீர் மட்டும் குழிக்கு இறங்கும். சாம்பலை ஆற்றில் உதறும் பழக்கம் அன்றோடு போனது. அது கத்தரிச் செடிக்குப் போயிற்று. இதெல்லாம் நீ கண்ணால் பார்த்து வளர்ந்தது. ஆனால் இவை முதலில் உண்டான நாளில், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் குந்தியிருந்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்க முடியாது.

காதர் பாயிடம் போனபோது அவர் சிரித்தார். "தங்கச்சி, ஆறு என்ன என் வீட்டு அண்டாவா, ரெண்டு சட்டி கழுவுனா அழுக்காப் போறதுக்கு? அது பாட்டுக்கு ஓடிரும்மா" என்றார். அம்மா வாதாடவில்லை. மறுநாள் அவர் வியாபாரம் முடிந்து திரும்பும் நேரத்துக்கு, ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரத்தையும் தேங்காய் மட்டையையும் எடுத்துக்கொண்டு போய், அவருடைய சட்டிகளைத் தானே சுரண்டத் தொடங்கினாள். உறைந்த எண்ணெயும் கொழுப்பும் கட்டி கட்டியாகத் தகரத்தில் விழுந்தன. பாய் பதறிப்போனார். "புள்ளைத்தாச்சி, நீ போய் இத செய்யலாமா? குடு, குடு, நான் செய்றேன்!" என்று மட்டையைப் பிடுங்கினார். அன்றைக்குப் பிடுங்கியதை அவர் பிறகு விடவே இல்லை. சேர்ந்த கொழுப்பை என்ன செய்வது என்று கேட்டார். மாட்டுவண்டிக்காரர்கள் அச்சுக்குப் பூச வாங்கிக்கொண்டு போவார்கள் என்று அம்மா முன்பே விசாரித்து வைத்திருந்தாள். மிஞ்சின சோறும் மீன் தலையும் ஆ சிம்மின் வாத்துகளுக்குப் போயின. வாத்துக்கூட்டின் எருவை ஆ செங் மடுவில் தள்ளாமல் நம் வாழையடியில் கொட்டினான். ஒரு வீட்டின் கழிவு இன்னொரு வீட்டுக்குச் சாப்பாடானது. கூட்டம் போட்டுப் பேசினதில்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. எனக்கு இன்றும் அதுதான் ஆச்சரியம்.

உனக்கு இதைச் சொல்வது ஒரு காரணத்தோடுதான். உன் மாமியார் கேட்டால் ஆற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதே. அவர் அந்த ஆற்றங்கரையில் உனக்கு முன்பே வாழ்கிறவர். அவருக்கும் அந்தத் தண்ணீர்மேல் பாசம் இருக்கும், அது வேறு விதமாக இருக்கலாம். அவருடைய தோட்டத்தில் எது வாடுகிறது என்று பார். அந்தச் செடிக்கு உன் பாத்திரத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்று. செடி தழைத்தால் அவரே வந்து கேட்பார்.

கதைக்கு வருகிறேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் ஆ சிம்மின் வாத்து ஒன்று காணவில்லை. கூட்டுக்கு வெளியே புதரில் முட்டையிடப் போனது, அடைக்கும்போது யார் கண்ணிலும் படவில்லை. நீர்நாய் பிடித்ததா, மலைப்பாம்பு விழுங்கியதா, யாருக்கும் தெரியாது. "தடம் ஒண்ணும் இல்லையே, எது புடிச்சதுன்னு யாரு கண்டா?" என்று காதர் பாய்கூட நமக்காகப் பேசினார். அம்மா கேட்கவில்லை. "வாத்து போனா ஆடுன்னுதான் சொன்னேன் பாய். எது புடிச்சா ஆடுன்னு சொல்லல" என்றாள். கொட்டிலில் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். ஆட்டின் நெற்றியைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கல் தாண்டிக் கூட்டிப்போய், ஆ சிம்மின் வேலிக்காலில் கட்டிவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அழுதாள், அதுவும் அடுப்பை ஊதுகிற சாக்கில். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாளே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பாஷாணம் ஆ செங்கின் பட்டறை அலமாரியில் இருந்தது. பொறுத்திருப்பதாக அவன் ஒத்துக்கொண்டதே அந்த ஆட்டை நம்பித்தான். ஆடு கைக்கு வந்துவிட்டதால் இனி அவனைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டொரு நாளில் மீன் வாங்கி வருவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. வெயில் ஏறுகிற நேரம். மடுவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது, குழந்தை அழுவதும் தகரம் பாறையில் மோதுவதும் கலந்தாற்போல. ஓடிப்போனோம். நீர்நாய்க் குட்டி ஒன்று. பால் டின் ஒன்றுக்குள் தலையை நுழைத்துவிட்டிருக்கிறது. உள்ளே ஒட்டியிருந்த இனிப்புக்கு ஆசைப்பட்டிருக்கும். மூடியை அறுத்து உள்ளே மடக்கிவிட்ட கூரான விளிம்பு கழுத்தில் மாட்டி, தலையை வெளியே எடுக்கவிடவில்லை. குருடு போல் பாறையில் மோதி, தண்ணீரில் விழுந்து, மூழ்கி, மேலே வந்து மறுபடி மோதியது. தாய் அதைச் சுற்றிச் சுற்றி நீந்தி, கீச்சிட்டுக் கூப்பிட்டது. அந்த டின் யார் வீட்டு டின் என்று கேட்க வழியில்லை. மூன்று வீட்டிலும் அதே பால்தான், மூன்று வீட்டாரும் பால் தீர்ந்த டின்னை ஆற்றில் எறிந்தவர்கள்தான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "ஏய், வேணாம், வழுக்கும்!" என்று கத்தினேன். எதிர்க்கரையில் ஆ செங் வந்து நின்றான், கையில் மூங்கில் தடி. குட்டி அவன் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே அடி போதும். அம்மா அவனைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. குட்டியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துத் தூக்கினாள். அது திமிறியது, பின்கால் நகங்கள் அவள் கையைக் கீறி இரத்தம் வடிந்தது. தாய் நீர்நாய் அவள் முழங்கால் அருகே வந்து சீறியது. அவள் அசையவில்லை. டின்னை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. இழுக்க இழுக்க விளிம்பு கழுத்துக்குள் இறங்கியது.

"என்னால ஆகாது. தகரம் வெட்டுறவங்க வேணும்" என்றாள், ஆ செங்கைப் பார்த்து.

அவன் அப்படியே நின்றான். வேலிக்கருகில் ஆ சிம் நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது குட்டியை அல்ல, தாயை. அது நீந்துவதும் கூப்பிடுவதும் மூச்சு வாங்குவதும். ஆ சிம் சீனப் பாஷையில் மகனிடம் ஏதோ சொன்னார், ஒரே ஒரு வாக்கியம். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஆ செங் தடியைக் கீழே போட்டுவிட்டுப் பட்டறைக்குள் ஓடினான். தகரம் வெட்டும் கத்தரியோடு வந்து தண்ணீரில் இறங்கினான். "கெட்டியாப் புடி, அக்கா. ஆட்டாதே" என்றான். அதுவரை அவன் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அடிப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கி, விளிம்புக்கு வந்ததும் தன் கட்டைவிரலைக் குட்டியின் கழுத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் கொடுத்து, மெல்ல மெல்ல நறுக்கினான். டின் இரண்டாகப் பிளந்தது. வெளியே வந்த வேகத்தில் குட்டி அவன் விரலைக் கடித்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. ஆ செங் விரலை உதறிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா தன் கீறின கையை நீட்டிக் காட்டினாள். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கரையில் நின்ற நானும் காதர் பாயும்கூடச் சிரித்தோம்.

அன்று மத்தியானம் ஆ செங் மூன்று வீட்டு ஓரத்திலும் இறங்கி, ஆற்றில் கிடந்த டின்களையெல்லாம் பொறுக்கினான். நல்ல தகரத்தைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டான். துருப்பிடித்ததைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக் குழியில் புதைத்தான். பாஷாணப் பொட்டலத்தையும் பிரிக்காமல் அதே குழியின் அடியில் போட்டு மண் தள்ளினான். நான் கண்ணால் பார்த்தேன். ஆற்றுக்கு வெகு தூரத்தில், மேட்டில் தோண்டின குழி. அந்த யோசனை அவனுடையதே. மறுநாள் ஆ சிம் ஆட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நம் வாசலில் நின்றார். "தங்காச்சி, ஒன் ஆடு ரொம்ப மோசம் லா. என் வாத்தைப் பாத்து கத்துது, வாத்து பயப்படுது. முட்டை போடாது. எனக்கு வேணாம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அம்மா, "சரி ஆ சிம், மன்னிச்சுக்குங்க" என்று அதே முகத்தோடு கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

டின்னை மிதிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும். மற்றவை அதிலிருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. கொட்டிலில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓணான் ஒன்று செத்து மிதந்ததைப் பார்த்துவிட்டு அதற்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தாள், விழுந்தது ஏறிவரட்டும் என்று. பட்டம் விடுகிற காலத்தில் மரத்தில் சிக்கின நூலை நீளக் கோலால் சுற்றியெடுப்பாள். மாஞ்சா நூலில் வௌவால் சிறகு அறுந்து தொங்கியதை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். எதையும் விரதம் போல் அவள் செய்ததில்லை. வாசல் தெளிப்பது போல், விளக்குத் துடைப்பது போல், யோசிக்காமல் செய்யும் அளவுக்கு அதை எளிமையாக்கிக்கொண்டாள். அவளிடம் நான் மிகவும் வியக்கிறது அதைத்தான். ஒருநாள் தண்ணீரில் குதிக்கத் துணிச்சல் இருந்தால் போதும். தினம் தினம், யாரும் பார்க்காதபோது, பாத்திரத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வாழையடிக்கு நடக்க வேறு ஏதோ வேண்டும். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் அது இருக்கிறது. நீ எழுதினதைப் பார்த்தால் உன்னிடமும் இருக்கிறது.

மழை வந்தது. மலை முழுவதும் இரைந்துகொண்டு வந்து, மடுவைக் கழுவித் துடைத்துப் புதுத் தண்ணீரால் நிரப்பியது. முன்பும் மழை வந்து கழுவத்தான் செய்தது; இந்தத் தடவை கழுவினது கழுவினபடி நின்றது. மேலிருந்து கெண்டைக் குஞ்சுகள் இறங்கின. பிறகு விரால். மீன்கொத்தி தன் பழைய கிளையில் வந்து உட்கார்ந்தது. ஆனால் நீர்நாய்களை மட்டும் காணோம். அம்மா தினமும் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். அந்தக் குட்டி பிழைத்ததா, கழுத்துக் காயம் சீழ் வைத்துச் செத்ததா என்ற கவலை. நடக்க முடியாத நிலை வந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

அந்த மழைக்காலத்தில்தான் நீ பிறந்தாய். சுலபமான பிரசவம் அல்ல; அம்மா மிகவும் துவண்டு போனாள். பாயை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஆ சிம் இஞ்சியும் வாத்து முட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். காதர் பாய் தன் கையால் கோழிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆ செங் உனக்கு ஒரு தகரக் கிலுகிலுப்பை அடித்து வந்தான், விளிம்பெல்லாம் உருட்டி மழுக்கி. எல்லோரும் வந்தார்கள். ஆனாலும் அம்மா கண் மூடியே கிடந்தாள். பேச்சுக் கொடுத்தாலும் சரியாகப் பதில் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் விடிந்து சற்று நேரம் இருக்கும். மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம். ஆ சிம், மூச்சு வாங்க ஓடி வந்திருக்கிறார், கால்சராய் முழங்கால்வரை நனைந்திருந்தது. வாத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்காச்சி! தங்காச்சி!" என்று கூப்பிட்டார். அம்மா கண்ணைத் திறந்தாள். "வந்தாச்சு லா! அம்மா வந்தாச்சு, புள்ளைங்க எல்லாம் வந்தாச்சு. அந்தப் புள்ளையும் இருக்கு, கழுத்துல இங்க முடி இல்லே, நான் பாத்தேன். பெரிய மீன் திங்குது!" என்று தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு, முக்கியமானதை மறந்துவிட்டவர் போல அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "என் வாத்தும் எல்லாம் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். யார் சொன்னாலும் கேட்காதவள் கஞ்சி கேட்டுக் குடித்தாள். உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, உன் காதருகே குனிந்து, ஆ சிம் சொன்னதை அப்படியே ஒரு வார்த்தை விடாமல் உனக்குச் சொன்னாள்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல். உங்கள் ஆற்றில் என்னென்ன வருகிறது என்று பார்த்து எழுது. உன் அம்மா கேட்கச் சொல்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா